படமும் பேசட்டும், பேச்சும் தெரியட்டும்!

முன்பெல்லாம் ஆசிரியர், "கட்டுரை எழுதிக்கொண்டு வா" என்பார். மாணவன் நோட்டில் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போவான். வேலை முடிந்தது.

இப்பொழுது அப்படி இல்லை. "செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பு" என்கிறார் ஆசிரியர். "படம் சேர்த்து, கம்ப்யூட்டரில் ஸ்லைடு தயார் செய்" என்கிறார். "உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பேசச் சொல்லி, அதைப் பதிவு செய்து கொண்டு வா" என்கிறார்.

இது நல்ல மாறுதல். அதில் சந்தேகமே இல்லை. ஏரியைப் பற்றிப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய பையன், இன்று ஏரிக்கரைக்கே போகிறான். மதகைப் படம் எடுக்கிறான். பாட்டியிடம் அந்தக் காலத்துக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்கிறாள் ஒரு மாணவி. எழுதச் சொன்னால் திணறும் பிள்ளை, பேசச் சொன்னால் பொரிந்து தள்ளுகிறது!

ஆனால், இந்தப் புதிய வேலைக்குள் ஒரு பழைய அநியாயம் புகுந்துகொண்டிருக்கிறது. அதை யாரும் வேண்டும் என்று செய்யவில்லை. யோசிக்காமல் செய்கிறார்கள்.

கைதட்டல் எதற்கு?

ஐம்பது பேர் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மாணவிக்குக் கண் தெரியாது. ஒரு மாணவனுக்குக் காது கேளாது.

மற்றவர்கள் எடுத்த வீடியோக்களை வகுப்பில் போட்டுக் காட்டுகிறார்கள். ஒரு வீடியோவில் வீணை இசை மட்டும் ஒலிக்கிறது. திரையில் எழுத்து ஓடுகிறது. முடிந்ததும் எல்லாரும் கைதட்டுகிறார்கள். எதற்காகக் கைதட்டுகிறார்கள் என்று அந்த மாணவிக்குத் தெரியாது.

அடுத்த வீடியோ. அதில் ஒருவர் பேசிக்கொண்டே போகிறார். திரையில் ஓர் எழுத்துக்கூட இல்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள். எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று அந்த மாணவனுக்குத் தெரியாது.

இருவரும் வகுப்பில்தான் இருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. ஆனால், பாடத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்!

சரி, அவர்களுடைய வேலையை அவர்கள் எப்படிச் செய்வார்கள்? இங்கேதான் ஆசிரியரின் நல்ல மனமே குறுக்கே வந்து நிற்கிறது. "பாவம், உனக்கு எதற்கு அம்மா இந்தக் கஷ்டம்? நீ செய்ய வேண்டாம். மார்க் போட்டுவிடுகிறேன்" என்கிறார்.

கேட்பதற்கு இரக்கமாக இருக்கிறது. உண்மையில் அது என்ன? "நீ கற்றுக்கொண்டாயா, இல்லையா என்று பார்க்க எனக்கு நேரம் இல்லை" என்று சொல்வதுதான். மார்க் கிடைக்கிறது. படிப்பு கிடைக்கவில்லை. நாளைக்கு வேலை கேட்டுப் போகும் இடத்தில், "நீ செய்த வேலை எதையாவது காட்டு" என்றால், காட்ட அவளிடம் ஒன்றும் இராது.

ஆகவே, பிள்ளைக்கு விலக்கு வேண்டாம். வேலையை மாற்றுங்கள்!

சோதிப்பது எதை?

எப்படி மாற்றுவது? வேலை கொடுக்கும் ஆசிரியர் முதலில் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். "இதில் எதைச் சோதிக்கிறேன்?" என்பதே அந்தக் கேள்வி.

"காவிரித் தண்ணீர் வயலுக்கு எப்படி வருகிறது என்று வீடியோ எடு" என்கிறார். சோதிப்பது எதை? பாசனம் பற்றிய அறிவை. காமிராவைப் பிடிக்கும் திறமையை அல்ல. அப்படியானால், அந்த அறிவை ஒலிப்பதிவாகச் சொன்னால் என்ன? படம் போட்ட கட்டுரையாகக் கொடுத்தால் என்ன? களிமண்ணில் ஆறும் வாய்க்காலும் செய்து, தண்ணீர் விட்டுக் காட்டினால் என்ன?

"வீடியோ, ஒலிப்பதிவு, படக் கட்டுரை, மாதிரி உருவம் - இவற்றில் ஏதாவது ஒன்று" என்று எழுதிவிட்டால் போதும். மார்க் போடும் அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றே. தகவல் சரியா? காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா? பார்ப்பவருக்கும் கேட்பவருக்கும் புரிகிறதா?

இதனால் தரம் குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். பொதுத் தேர்வில், பார்வை இல்லாத மாணவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார். கூடுதல் நேரமும் கொடுக்கிறார்கள். அதனால் தேர்வு இளப்பமாகிவிட்டதா? விடையைச் சொல்பவர் மாணவர்தான். விடை தெரியாவிட்டால், எழுதுபவர் பக்கத்தில் இருந்தும் பயன் இல்லை.

வருஷத்தில் ஒரு தடவை நடக்கும் தேர்வுக்கு விதி இருக்கிறது. வருஷம் முழுவதும் கொடுக்கும் வேலைக்கோ, அந்தந்த ஆசிரியரின் மனம்தான் விதி! இதுதான் மாற வேண்டும்.

ஒன்று உண்மை. எல்லாவற்றையும் மாற்ற முடியாது. சினிமாப் படிப்பில் காமிராக் கோணமே பாடம். அங்கே, "வீடியோவுக்குப் பதில் கட்டுரை கொடு" என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஆசிரியரும் மாணவரும் உட்கார்ந்து பேச வேண்டும். யாருடைய உதவி வேண்டும், எதுவரை வேண்டும் என்று மாணவரையே கேட்க வேண்டும். தன்னால் எது முடியும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

கட்டியங்காரன் செய்த வேலை

பேச்சை எழுத்தாகக் காட்டுவதும், காட்சியைப் பேச்சால் சொல்வதும் மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இது பழைய சங்கதி.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் வேஷக்காரர் வந்து நிற்பார். "வந்திருப்பது யார்?" என்று கேட்பான் கட்டியங்காரன். வந்தவர் தன் பெயரையும் பெருமையையும் பாட்டாகப் பாடுவார். கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும், கண் மங்கிய கிழவருக்கும், வந்தது துரியோதனனா, துச்சாதனனா என்று விளங்கிவிடும்.

ஊமைப் படக் காலத்தில் திரையில் எழுத்து போட்டுக் கதையை விளக்கினார்கள். எழுத்து தெரியாதவர்களுக்காக, அதைப் படித்துச் சொல்லக் கொட்டகையில் ஆள் வைத்தார்கள். 1931-ஆம் ஆண்டு "காளிதாஸ்" வந்தது. தமிழ் பேசும் படம் பிறந்தது. ஊரெல்லாம் கொண்டாட்டம்! ஆனால், படம் பேசத் தொடங்கியதும், திரையில் இருந்த எழுத்து போய்விட்டது. மற்றவர்களுக்குப் பேசிய அதே படம், காது கேளாதவர்களுக்கு அன்றுதான் ஊமையாயிற்று!

ரேடியோவில் "ஒலிச்சித்திரம்" கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. மூன்று மணி நேர சினிமாவை ஒரு மணி நேரமாகச் சுருக்கிப் போடுவார்கள். திண்ணையில் உட்கார்ந்து காதாலேயே படம் பார்த்தவர்கள் எத்தனை பேர்!

இவ்வளவு ஏன்? ரயில்வே ஸ்டேஷனில் என்ன செய்கிறார்கள்? வண்டி எந்தப் பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். பலகையிலும் போடுகிறார்கள். ஒரே செய்தி, இரண்டு வழி. மாணவர்கள் செய்ய வேண்டியதும் இதேதான்.

ஐந்து காரியங்கள்

முதல் காரியம்: பேச்சுக்கு எழுத்து. வீடியோவில் யார் பேசினாலும், அந்தப் பேச்சு படத்தின் அடியில் எழுத்தாக வர வேண்டும். செல்போனும் கம்ப்யூட்டரும் தாமாகவே எழுதித் தரும் வசதி வந்திருக்கிறது. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஊர்ப் பெயர், ஆள் பெயர், வட்டாரப் பேச்சு எல்லாவற்றிலும் இயந்திரம் தடுக்கி விழும். மாணவரே ஒரு முறை படித்துத் திருத்த வேண்டும். பேச வேண்டியதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால், பாதி வேலை அப்போதே முடிந்துவிடும். ஒலிப்பதிவு மட்டும் என்றால், பேச்சு முழுவதையும் எழுதிக் கூடவே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது: காட்சிக்குப் பேச்சு. "இதோ பாருங்கள், இது இப்படிப் போய் இங்கே பிரிகிறது" என்று படத்தைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறான் மாணவன். பார்க்க முடியாதவருக்கு இதில் என்ன புரியும்? "திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது" என்று சொல்லட்டும். பார்க்க முடியாத மாணவிக்கும் புரியும். பார்க்கிறவனுக்கும் மனத்தில் பதியும். சொல்கிறவனும், தனக்கு உண்மையிலேயே தெரியுமா என்று சோதித்துக்கொள்வான்!

மூன்றாவது: படத்துக்குக் குறிப்பு. கண் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரையும் செல்போனையும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது. ஆனால், படத்துக்குள் இருப்பதைச் சரியாகச் சொல்ல ஒருவர் குறிப்பு எழுதி வைக்க வேண்டும். "படம் 1" என்று எழுதுவது குறிப்பு ஆகாது. "அணையின் மதகுகள் திறந்திருக்கின்றன, கரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடுகிறது" என்று எழுத வேண்டும். ஒரு வரி போதும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், கண்ணுக்குத் தமிழாகத் தெரியும்; அந்த மென்பொருளுக்கோ அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை! யூனிகோடு முறையில் அடித்தால்தான் தமிழைத் தமிழாகப் படிக்கும். தமிழக அரசே 2010-ஆம் ஆண்டு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆகவே, யூனிகோடில் அடியுங்கள். எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பாதீர்கள்.

நான்காவது: எழுத்தும் நிறமும். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து அழகாக இருக்கலாம், படிக்க முடியுமா? இணையத்துக்கு விதிமுறை வகுக்கும் உலக அமைப்பான டபிள்யூ-3-சி இதற்கு ஒரு கணக்கே போட்டிருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, குறைந்தது 4.5-க்கு 1 என்று இருக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பு என்றால் கவலையே இல்லை. அடுத்தது, நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லக் கூடாது. "சிவப்பு நெல், பச்சை கரும்பு" என்று வட்டப்படம் போட்டால், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத மாணவன் திகைப்பான். அப்படிப்பட்டவர்கள் ஆண்பிள்ளைகளில் அதிகம். பலருக்குத் தங்களுக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது. அந்தந்தப் பகுதியின் மேலேயே "நெல்", "கரும்பு" என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

ஐந்தாவது: மின்னல் வெட்டு வேண்டாம். வீடியோவில் வெளிச்சம் பளிச், பளிச் என்று வெட்டுவதைப் பிள்ளைகள் விரும்புகிறார்கள். இது விளையாட்டு அல்ல. 1997-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி, ஜப்பானில் டெலிவிஷனில் "போக்கிமான்" கார்ட்டூன் ஓடியது. ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக வெட்டின. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் மயக்கமும் வந்தன. 600-க்கும் மேற்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்! ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் வெளிச்சம் வெட்டக் கூடாது என்று டபிள்யூ-3-சி விதி சொல்கிறது.

கேலி வேண்டாம்

இன்னொரு விஷயமும் இருக்கிறது. திக்கிப் பேசுகிறவரையும், காது மந்தமானவரையும் சிரிப்புக்காகவே சினிமாவில் காட்டியது உண்டு. பிள்ளைகள் அதைப் பார்த்து, தங்கள் நாடகத்திலும் அப்படியே நடிக்கிறார்கள். வகுப்பு சிரிக்கிறது. ஒரே ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. அந்தச் சிரிப்பு யாருக்கும் வேண்டாம்.

செல்போன் இல்லாத வீடும் இருக்கிறது. வீட்டுக்கு ஒரே செல்போன். அதையும் அப்பா காலையில் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார் என்றால், மகள் எதை வைத்து வீடியோ எடுப்பாள்? 2020-ஆம் ஆண்டு கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது, இந்தக் கஷ்டத்தை நாடே பார்த்தது. பள்ளியிலேயே, பள்ளி நேரத்திலேயே, பள்ளிக் கருவியை வைத்துச் செய்யும்படி வேலை கொடுத்தால், பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்பார்கள். பளபளப்புக்கு மார்க் இல்லை, விஷயத்துக்குத்தான் மார்க் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது தயவு தாட்சண்யம் அல்ல. உரிமை!

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. 2016-ஆம் ஆண்டு வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அரசின் பணமோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள், இந்த மாணவர்களை மற்றவர்களோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும். அவரவருக்குத் தேவையான வசதியைச் செய்து தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஒலி, ஒளி, எழுத்து எந்த வடிவில் செய்தி வந்தாலும், அது இவர்களுக்கு எட்டும்படி இருப்பதற்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. வங்கிக் கணக்குத் தொடங்க, காமிராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னார்கள். ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர் எப்படிக் கண் சிமிட்டுவார்? இதுதான் வழக்கு. டிஜிட்டல் வசதி எல்லாருக்கும் எட்டுவது, உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று கோர்ட்டு கூறியது.

வங்கிக்குப் பொருந்தும் நியாயம் வகுப்பறைக்குப் பொருந்தாதா?

"ஒருவருக்காக ஐம்பது பேரா?"

"வகுப்பில் ஒரே ஒரு பையன். அவனுக்காக ஐம்பது பேரும் பாடுபட வேண்டுமா?" என்று கேட்கிறார்கள்.

முதலில், அந்த ஒருவன் ஒருவன் அல்ல. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல்.

இரண்டாவது, பயன் அவனுக்கு மட்டும் அல்ல. படத்தின் அடியில் எழுத்து இருந்தால், இரைச்சல் மிகுந்த பஸ்ஸில் போகிறவனும் படிப்பான். வடக்கே இருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, தமிழைக் காதால் கேட்டுக்கொண்டே கண்ணாலும் கற்றுக்கொள்ளும். காட்சியைப் பேச்சால் சொன்னால், கண்ணாடியை மறந்துவிட்டு வந்த பாட்டியும் பேரன் செய்த வீடியோவை ரசிப்பாள்.

"பணம் வேண்டுமே" என்பார்கள். திரையைப் படித்துச் சொல்லும் "என்.வி.டி.ஏ." என்ற மென்பொருள் இலவசம். பார்வை இல்லாத இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சி அது. தமிழையும் படிக்கிறது. செல்போனிலோ அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. தன் வேலையைக் கொடுக்கும் முன்பு, மாணவன் அதைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். பிறகு ஒலியை அடைத்துவிட்டுப் பார்க்கட்டும். இரண்டு முறையும் விஷயம் புரிந்தால், வேலை சரி. புரியாவிட்டால், எங்கே குறை என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

"ஆசிரியருக்கு ஏது நேரம்?" இந்தக் கேள்வி நியாயமானது. ஏற்கெனவே அவர் தலையில் ஆயிரம் வேலை. ஆகவே, பாரம் முழுவதையும் அவர் மீது போடக் கூடாது. இதைக் கற்றுத்தர ஆசிரியர் பயிற்சியில் இடம் வேண்டும். பள்ளி நிர்வாகம் கருவி வாங்கித் தர வேண்டும். சைகை மொழி தெரிந்தவரின் உதவிக்கு ஏற்பாடு வேண்டும். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம், 10 ஆயிரம் சொற்கள் கொண்ட அகராதியை 2021-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டது.

மார்க் போடுங்கள்!

பிள்ளைகள் எதைக் கவனிப்பார்கள்? மார்க் உள்ளதைக் கவனிப்பார்கள். ஆகவே, இதற்கும் மார்க் வைக்க வேண்டும். 25 மார்க் வேலை என்றால், "எல்லாருக்கும் எட்டும்படி இருக்கிறதா?" என்பதற்கு 5 மார்க். எழுத்து உண்டா, குறிப்பு உண்டா, நிறம் சரியா என்று பார்க்க ஆசிரியருக்கு இரண்டு நிமிஷம் போதும். கையெழுத்து அழகுக்கு மார்க் கொடுத்த பள்ளிகள், இதற்கு ஏன் கொடுக்கக் கூடாது?

பெற்றோரும் சும்மா இருக்கக் கூடாது. "என் பிள்ளைக்கு விலக்கு வேண்டாம்; செய்வதற்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று பள்ளியில் கேட்க வேண்டும். கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகள்தான் நாளைக்கு ஆபீசில் உட்கார்ந்து அரசாங்க விண்ணப்பத்தைத் தயாரிக்கப் போகிறார்கள். வங்கிக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்யப் போகிறார்கள். டெலிவிஷனில் செய்தி தரப் போகிறார்கள். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒருத்திக்காகப் படத்துக்குக் குறிப்பு எழுதிப் பழகியவன், ஊருக்காக எழுதும்போது அதை மறக்க மாட்டான். பழகாதவனுக்கு அப்படி ஒருத்தி இருப்பதே நினைவுக்கு வராது.

ஆசிரியர்களே! அடுத்த முறை கரும்பலகையில் "வீடியோ எடுத்து வா" என்று எழுதும்போது, அதன் கீழே இன்னும் ஒரு வரி சேருங்கள்: "கண்ணை மூடிக்கொண்டாலும் புரிய வேண்டும், காதை மூடிக்கொண்டாலும் புரிய வேண்டும்."